படகுக்கு மாட்டுத் தரகனைக் கூட்டிப் போனவனுக்கு

வரதா,

இந்தக் கடிதம் உனக்குப் பிடிக்காது. பிடிக்கவேண்டும் என்று நான் எழுதவும் இல்லை. திருமழிசையில் மாமனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேளாவேளைக்கு விருந்துச் சோறு தின்கிற உனக்கு, பெற்றவள் கையெழுத்தைப் பார்த்ததும் அந்தச் சோறு இறங்காது என்று தெரியும். இறங்கவேண்டாம். சண்டை போட்டுவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினாயே, அன்றைக்கு நான் சொல்ல வந்ததில் பாதிதான் சொன்னேன். மீதியை நேரில் சொன்னால் நீ காதில் வாங்க மாட்டாய். நடுவில் உன் பெண்டாட்டி சொம்பும் தண்ணீருமாக வந்து நிற்பாள். உன் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விடுவார். பூந்தமல்லியில் மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் எழுதப் படிக்கக் கற்றது இதற்காவது உதவட்டும். இதை உன் அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வழியில் பிரித்துப் பார்த்து, பிள்ளை மனசு புண்படுமே என்று எந்தப் பக்கத்தையும் கிழித்துப் போட மாட்டார். கடைசி வரி வரைக்கும் படி. பாதியில் மடித்துவைத்தால் நஷ்டம் உனக்குத்தான்.

பட்டாளத்துக்கென்று சர்க்கார் நம் மேட்டு நிலத்தை எடுத்துக்கொண்டது உன் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆவடியைச் சுற்றி யாருடைய மேட்டு நிலம் தப்பியது? ஆனால் பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே நஞ்சை இன்னும் அப்படியே இருக்கிறது. மதகைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதை உழுவதற்கு எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. மேட்டு நிலத்துக்கு வந்த பணத்தில் கிணற்றை ஆழப்படுத்துவாய் என்று நான் நினைத்திருந்தபோது, நீ வந்து படகு வாங்கப்போகிறேன் என்றாய். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரியெல்லாம் படுத்துவிட்டதாம். பட்டணத்துக்கு அடுப்பெரிக்க விறகெல்லாம் கால்வாயில் படகில்தான் வருகிறதாம். பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் விறகை அடுக்கி வைத்து விற்கிற தொட்டிக்காரர் ஒருவர் தம்முடைய பழைய படகை விற்கிறாராம். அதை வாங்கி, பெண்டாட்டியோடு அதிலேயே குடித்தனம் வைத்து, பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சவுக்கு ஏற்றிக்கொண்டு வருவாயாம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண் படகில் உலை வைப்பாள், நீ கழி ஊன்றுவாய், நானும் உன் அப்பாவும் இரண்டு கிழட்டு மாட்டோடு நஞ்சையில் மாரடிக்கவேண்டும். இத்தனையும் கேட்டு நான் உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அந்தப் படகை யார் பார்த்தது?

"ஏழுமலை அண்ணாத்தே பாத்துட்டாரும்மா. ஃபஸ்ட் கிளாஸா கீதாம்" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதைத்தான் நீ பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டாய். ஏழுமலை யார்? பூந்தமல்லிச் சந்தையில் மாட்டுத் தரகன். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறவன். மாடு வாங்கவேண்டுமா, வண்டி வாங்கவேண்டுமா, பெண் பார்க்கவேண்டுமா, நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஏழுமலை. சந்தைக்குப் போய்ப் பழகின ஜனங்களுக்கு வேறு புத்தி வராது. வாங்குகிற பொருள் எதுவாக இருந்தாலும் அதற்குக் கொம்பும் வாலும் இருப்பதாகத்தான் நினைப்பார்கள். அவன் அந்தப் படகை எப்படிப் பார்த்தான் என்று நீயே எனக்கு விவரித்தாய். கரையில் நின்றபடியே ஒரு தட்டுத் தட்டினானாம். ஏறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தானாம். முகர்ந்து பார்த்தானாம். அப்புறம், "நல்ல ராசியான படகுப்பா, மூஞ்சி கிழக்க பாத்துகினு நிக்குது பார்" என்றானாம். கட்டின கயிறு கிழக்கே இருந்தால் அது கிழக்கேதான் பார்க்கும். அவன் எந்தப் பல்லைப் பிடித்து வயது பார்த்தான் என்று கேட்டேன். "இன்னாமா நீ, எதச் சொன்னாலும் நொட்டை சொல்லிக்கினே கீற" என்று எகிறினாய்.

நொட்டைதான் சொல்வேன். நீ சின்னப் பையனாக இருந்தபோது அதே ஏழுமலை பார்த்து வாங்கிக் கொடுத்த செவலைக் காளை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சந்தையில் அது நின்ற நிலையைப் பார்த்து உன் அப்பா மயங்கிப்போனார். கொம்புக்கு எண்ணெய் தடவி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுத்தில் புது மணி கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஏரில் பூட்டினோம். பாதிச் சாலில் படுத்தது. பின்னங்கால் குளம்புக்குள் பழைய புண், மேலே களிமண்ணைப் பூசி மறைத்திருந்தார்கள். ஏழுமலையை வரவழைத்து நான் கேட்டேன். அவன் துளிக்கூடக் கூசவில்லை. "யம்மா, நான் ரெண்டு பக்கமும் தரகு வாங்கறவன். ஒனக்கு மட்டும் நல்லவனா இருந்தா அவனுக்குக் கெட்டவனா ஆயிடுவேனே" என்றான். மாட்டுச் சந்தையில் அது வழக்கம்தான், அதை அவன் மறைக்கவே இல்லை. இரண்டு பக்கமும் கை நீட்டுகிறவன் என்று தெரிந்த பிறகும் அவனையே கூட்டிப் போன உன்னைத்தான் என்ன சொல்வது? மாடு படுத்தால் வயலில் படுக்கும். படகு படுத்தால் எங்கே படுக்கும் என்று யோசித்தாயா?

ஏழுமலையை விட்டால் உனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றும் பார்த்தேன். உன் மாமனார் இருக்கிறார். அவர் அந்தப் படகைக் கண்ணால் பார்க்காமலே நல்ல படகு என்று சொல்லிவிட்டார். சொல்லாமல் என்ன செய்வார்? தம் மகள் என் வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும் அவருக்கு. அது கட்டுமரமாக இருந்தாலும் நல்லது என்றுதான் சொல்வார். அந்தத் தொட்டியிலேயே ஒரு தச்சன் இருக்கிறான், அவனைக் கேட்கலாமே என்று நீ சொன்னாய். அந்தப் படகுக்குப் போன வருஷம் பலகை போட்டவனே அவன்தானாம். தான் அடித்த ஆணியைத் தானே குறை சொல்கிற தச்சனை நீ பார்த்திருக்கிறாயா? அப்புறம் அந்தப் படகை ஓட்டுகிற ஆட்கள். படகு கைமாறினால் புது முதலாளியிடம் வேலை நிலைக்கவேண்டுமே என்று அவர்கள் உன்னைப் பார்த்ததுமே பல்லைக் காட்டியிருப்பார்கள். நீ கேட்ட ஒவ்வொருத்தனுக்கும் நீ அந்தப் படகை வாங்கினால் ஏதோ ஒன்று கிடைக்கிறது. அப்படிப்பட்டவனைப் போய்ப் படகு எப்படி என்று கேட்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான். உனக்குத் தேவைப்படுகிற ஆள், நீ வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு வாய்க் காப்பிகூட லாபம் இல்லாதவன். படகும் தெரிந்திருக்கவேண்டும். யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து அப்படி ஒரே ஆள்தான் இருந்தான். அவன் பெயரை இந்தக் கையால் எழுதவே எனக்கு எரிகிறது.

உன் மாமன் தேசப்பன்தான். என் கூடப் பிறந்த தம்பி. கால்வாய்க் கரையில் படகு செப்பனிடும் கொட்டகையில், பலகை இடுக்குகளில் சணல் திணித்து, தண்ணீர் கசியாமல் கீல் பூசுகிற வேலையில் ஆரம்பித்து மேஸ்திரியாக இருந்தவன். பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று எல்லோரும் ஓடிவந்த சமயத்தில் அவனும் ஓடிவந்து அம்பத்தூர் ஏரிக்கரையில் குடியேறிவிட்டான். இப்போதும் படகு வாங்குகிறவர்கள் அவனைத் தேடி வருகிறார்கள், திட்டு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறார்கள். அவனுக்கும் நமக்கும் பேச்சு நின்றது ஏன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். முறைப்பெண் அவன் வீட்டில் இருக்கும்போது நான் திருமழிசையில் உனக்குப் பெண் எடுத்தேன். தாய்மாமன் மாலை போடவேண்டிய இடத்தில் தூரத்து உறவு ஒருத்தனை நிறுத்தித்தான் உன் கல்யாணத்தை முடித்தேன். அவன் வரவில்லை, சீர் வரவில்லை, ஒரு தேங்காய்கூட வரவில்லை. அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நம் தெருவே கேட்கச் சொன்னவள் நான். இப்போது உன் பெண்டாட்டியாக இருக்கிறாளே, அவளுக்காக நான் என் பிறந்த வீட்டு உறவையே அறுத்துக்கொண்டேன். அவள்தான் இன்றைக்கு உன்னோடு மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறாள். இருக்கட்டும்.

போன திங்கட்கிழமை நான் அம்பத்தூருக்குப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"இன்னா யக்கா, ஊட்டு வாசப்படி தெரிஞ்சிதா?" என்றான்.

"ஒன் ஊட்டுச் சோறு திங்க வர்ல. ஒரு படகு பாக்கணும்."

"எவன் படகு?"

"வரதன் வாங்கப்போறான்."

"முழுகட்டும்" என்றான், உளியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே.

"முழுகும்னா அதையாவது வந்து பாத்து, உன் வாயால சொல்லு. அதுக்குத்தான் வந்தேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "உறவுக்குல்லாம் நான் பாக்கறதில்ல. கூலிக்குத்தான் பாப்பேன். மொதல்லியே குடுத்துடணும். அப்பால படகு நல்லா கீதுன்னாலும் கூலி கூலிதான், நல்லா இல்லன்னாலும் கூலி கூலிதான். ஒனக்கு ஏத்தாப்ல பேசணும்னா ஏழுமலை கீறான், அவன்கிட்ட போ" என்றான். ஏழுமலை விஷயம் அம்பத்தூர் வரைக்கும் போயிருக்கிறது பார், உன் மானம் அப்படிப் பறந்திருக்கிறது. மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெட்கமே இல்லாமல் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டான். அக்காவிடமே கூலி வாங்குகிறானே என்று வழியெல்லாம் அவனைச் சபித்துக்கொண்டு வந்தேன். ஆனால் இதை மட்டும் தெரிந்துகொள். படகு பார்க்க ஆள் வைத்தால் அவன் கூலியை நீதான் கொடுக்கவேண்டும், படகைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடவேண்டும். நீ கொடுக்காவிட்டால் விற்கிறவன் கொடுப்பான்.

மறுநாள் ஆவடியில் ரயில் ஏறினேன். அவன் அம்பத்தூரில் ஏறினான். வேண்டுமென்றே வேறு பெட்டியில் ஏறினான். பேசின் பிரிட்ஜில் இறங்கி, நான் முன்னாலும் அவன் பின்னாலுமாக, யாரோ எவரோ போல அந்த விறகுத் தொட்டி வரைக்கும் நடந்தோம். படகு தண்ணீரில் நின்றது. புதுக் கீல் பூசிக் கறுகறுவென்று, மூக்கில் மஞ்சளும் குங்குமமும் அப்பி, எலுமிச்சம்பழம் கோத்துக் கட்டி, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அந்தச் செவலைக் காளைதான் ஞாபகம் வந்தது. தொட்டிக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உன் பெயரைச் சொன்னதும், "அதான் ஏழுமலை பாத்துட்டானேம்மா" என்றார்.

"அவன் தண்ணிக்கு மேல கீறத பாத்தான். நான் கீழ கீறத பாக்கணும். கரைக்கு இழு" என்றான் உன் மாமன்.

அதற்கே ஒரு சண்டை. பனந்துண்டுகளை உருளையாகப் போட்டு ஆட்கள் கரைக்கு இழுத்து ஏற்றினார்கள். உன் மாமன் ஏறவும் இல்லை, முகரவும் இல்லை. அடிவயிற்றுப் பக்கம் மண்ணில் மல்லாந்து படுத்து, புதுக் கீலை இடம் இடமாகச் சுரண்ட ஆரம்பித்தான். எண்ணூர்ப் பக்கம் உப்புத் தண்ணீரில் போய்வருகிற படகில் ஒரு புழு விழுமாம். வெளியில் பார்த்தால் ஊசி முனை அளவுக்கு ஓட்டை, உள்ளே பலகை இடியாப்பமாக இருக்குமாம். அதை மறைக்கத்தான் விற்கிற சமயத்தில் கீல் பூசுவார்களாம். புதுக் கீல் பூசின படகைக் கண்டால் சந்தோஷப்படாதே, சுரண்டிப் பார். சுரண்டின இடத்திலெல்லாம் சுத்தியால் தட்டி, காதை வைத்துக் கேட்டான். தட்டின இடத்திலெல்லாம் அவன் முகத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உதட்டைச் சுழிப்பானா, தலையை ஆட்டுவானா என்று. கல் மாதிரி வைத்திருந்தான். சின்ன வயதிலும் அப்படித்தான், வீட்டில் வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டும் அதே முகத்தோடு நிற்பான்.

எழுந்து முன்பக்கம் வந்தான். மூக்கில் இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்தான். தோளில் இருந்த துண்டை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்தான். தொட்டிக்காரர் ஓடிவந்தார். "யோவ், சாமி கும்பிட்ட படகுய்யா! இரும்பு வைக்காதய்யா!" என்று கத்தினார்.

"சாமி கும்ட்டா சாமி பாத்துக்கும். நான் பலகைய பாக்கறேன்" என்று, கையில் இருந்த இரும்பு முள்ளை அந்த இடத்திலேயே குத்தினான்.

முள் பிடி வரைக்கும் உள்ளே போனது. வரதா, மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. பொட்டு வைத்த இடத்துக்கு அடியில் பலகை அவல் மாதிரி நமத்துக் கிடந்தது. நம் ஜனங்கள் யாராவது பொட்டு வைத்த இடத்தில் இரும்பை வைப்பார்களா? நீ வைத்திருப்பாயா? கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்திருப்பாய். தொட்டிக்காரர் தெரிந்து வைத்தாரா தெரியாமல் வைத்தாரா என்று நான் ஆராயவில்லை, அது எனக்குத் தேவையும் இல்லை. அந்த நிமிஷமே திருமழிசைக்கு ஓடிவந்து உன் மூஞ்சியில் அந்த நமத்த மரத்தூளை வீசி, "இதுதாண்டா உன் ஃபஸ்ட் கிளாஸ்" என்று கேட்கவேண்டும் போல இருந்தது. நஞ்சைக்கு நாற்று விடுகிற வேலையைக்கூட மனசுக்குள் உனக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

"வா போலாம், பாத்தாச்சு" என்றேன்.

"எங்க போற? இன்னும் முடியல. இது ஒரு பலகை. தண்ணி மட்டத்துக்கு மேல கீது. மாத்திட்டா போச்சு" என்றான். பிறகு தொட்டிக்காரரைப் பார்த்து, "தண்ணில எறக்கு. வெறகு ஏத்து. முழு பாரம்" என்றான்.

பாரம் ஏற்றிப் பார்க்காத படகைப் பற்றி அவன் வாயைத் திறக்க மாட்டானாம். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே சவுக்குக் கட்டைகளை ஏற்றினார்கள். அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவன் நம்மை வெறுக்கிறவன். பழி தீர்த்துக்கொள்ள நல்ல படகு என்று பொய் சொல்லி உன்னைத் தண்ணீரில் தள்ளினால்? கேட்டேவிட்டேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. "நியாயந்தான். படகு பாத்தவன் அதே படகுல ஏறணும். நான் ஏறப்போறேன். நம்பிக்கை இல்லன்னா நீயும் ஏறு. அடிப்பலகைல குந்து. மேல குந்தினா ஒன்னும் தெரியாது. வடக்க மதகு வரிக்கும் போயிட்டுத் திரும்பலாம். தண்ணி வந்தா மொதல்ல ஒன் பொடவதான் சொல்லும்" என்றான்.

தண்ணீர் என்றால் எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும். ஏரி கலங்கல் பாயும்போது கரையில்கூட நிற்க மாட்டேன். ஆனாலும் ஏறினேன். விறகு அடுக்குக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில், இரண்டு பேர் முடங்குகிற இடத்தில், அடிப்பலகை மேலேயே உட்கார்ந்தேன். எதிரில் அவன் உட்கார்ந்தான். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற இடம். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில் நாங்கள் இருந்ததே இல்லை. தலை நரைத்துவிட்டது அவனுக்கு. கரையில் இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள், பின்னால் ஒருவன் கழி ஊன்றினான். படகு நகர்ந்ததும் என் குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டேன். என்னவென்று வேண்டிக்கொண்டேன் தெரியுமா? தண்ணீர் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் உட்கார்ந்திருக்கிற படகு ஒழுகட்டும், என் புடவை நனையட்டும், நனைந்த புடவையோடு உன் எதிரில் வந்து நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கையைப் பின்னால் விட்டுப் பலகை இணைப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். பலகை ஓரமெல்லாம் காய்ந்து கிடந்தது.

மதகு வரைக்கும் போய்த் திருப்பினார்கள். உன் மாமன் விறகுச் சந்துகளிலெல்லாம் கையை விட்டுப் பார்த்தான். சணலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது. போய்ச் சொல்லு ஒன் புள்ளகிட்ட. மூக்குப் பலகைய அந்த ஆள் செலவுலியே மாத்திக் குடுக்கச் சொல்லு. மாத்தாம வாங்கினா எண்ணூர் அலைல தண்ணி உள்ள வரும். மத்தபடி படகு நல்லா கீது. நல்ல தேக்கு. ஆணி துருப் புடிக்கல, புழு வுழல" என்றான்.

"நல்லாப் பாத்தியா? அடியில எங்கியாச்சும், அந்தப் பின்னால மூலைல…" என்று இழுத்தேன்.

அவன் என்னையே பார்த்தான். அந்தக் கல் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. "யக்கா, நீ படகு நல்லா கீதான்னு பாக்க வர்ல. ஓட்ட கீதான்னு பாக்க வந்துகீற" என்றான். பிறகு, ஆட்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தி, "ஓட்டதான் வேணும்னா சொல்லு. உளி கைல கீது. ஒருத்தனுக்கும் தெரியாம நானே ஒன்னு போட்டுத் தரேன். போடட்டா?" என்றான்.

கேலிக்குச் சொன்னானா, நிஜமாகச் சொன்னானா என்று எனக்கு இன்னும் தெரியாது. முறைப்பெண் விவகாரத்தில் பட்ட கோபத்தை அப்படிக் காட்டினானோ என்னவோ. கால்வாய்க்கு மேலே ஒரு பாலம் வந்தது. அதன் நிழல் எங்கள் மேல் விழுந்து, கடந்து, வெயில் மறுபடியும் அடிக்கிற வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை. அப்புறம்தான், "வேணாம்" என்றேன். அவ்வளவு நேரம் எனக்குத் தேவைப்பட்டது. பேசின் பிரிட்ஜிலிருந்து திரும்பும்போதும் அவன் வேறு பெட்டியில்தான் ஏறினான். அம்பத்தூரில் இறங்கி, என் ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். நாங்கள் சமாதானம் ஆகிவிட்டோம் என்று கற்பனை செய்துகொள்ளாதே. அவன் வாசலை நான் இனிமேலும் மிதிக்கப்போவதில்லை.

இப்போது நீ துள்ளிக் குதிப்பாய் என்று தெரியும். ஏழுமலை சொன்னதுதான் சரியாகப் போச்சு என்று உன் மாமனாரிடம் சொல்லிச் சிரிப்பாய். ஏழுமலை வாய்க்கு வந்ததைச் சொன்னான், அது பலித்தது. அடுத்த தடவை பலிக்காது. மூக்குப் பலகையைப் பற்றி அவன் சொன்னானா? சொல்லாமல் நீ வாங்கியிருந்தால், வாடைக் காற்றில் எண்ணூர்ப் பக்கம் எங்கேயோ, வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு நீ தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பாய். அவனுக்குக் கொடுத்த தரகைத் திரும்பக் கேள். கொடுக்க மாட்டான், இருந்தாலும் சந்தையில் நாலு பேர் பார்க்கக் கேள்.

இந்த மூன்று நாளும் நான் சும்மா இருந்தேன். கடிதம் எழுதாமல் விட்டிருக்கலாம். பலகை நமத்துக் கிடக்கிறது என்று அந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டிருக்கலாம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இருக்காது. நீயும் பயந்து திரும்பி வந்திருப்பாய், நஞ்சையில் நாற்று நட்டிருப்பாய், நான் கரையில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக இருந்திருப்பேன். அடுப்படியில் உட்கார்ந்து அப்படி ஒரு கடிதத்தை எழுதவும் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், துண்டுக்குள் கையை விட்டு உன் விரலைப் பிடிக்கிற மாதிரி இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். ஏழுமலையைத் திட்டுகிற வாயால் நான் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. எனக்கு நீ வேண்டும், அதனாலேயே அந்தப் படகைப் பற்றி என்னிடமும் நீ கேட்கக் கூடாது.

ஆகையால் வருகிற வெள்ளிக்கிழமை போய் அந்தப் படகை வாங்கு. பலகையை உன் கண் முன்னால் மாற்றச் சொல். பழைய பலகையை வெளியே எடுத்துக் கரையில் போடுகிற வரைக்கும் பணத்தைக் கொடுக்காதே. நிலத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், கவலைப்படு. உன் அப்பாவால் இனிமேல் ஏர் பிடிக்க முடியாது, அது உனக்குத் தெரிந்தே போகிறாய். உன்னை வழியனுப்பக் கால்வாய்க் கரைக்கு வருவேன் என்று எதிர்பார்க்காதே. இன்னொரு தடவை அந்தத் தண்ணீரைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. செருப்பு மட்டும் இங்கேயே கிடக்கிறது. உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன், போட்டுக்கொள்.

விறகு ஏற்றினால் உன் பெண்டாட்டிக்கு இடம் இருக்காது. இடது பக்கம், நடுவில் இருந்து கொஞ்சம் பின்னால், பக்கப் பலகையை ஒட்டி ஒரு இடம் இருக்கிறது. நான் உட்கார்ந்து பார்த்த இடம். முழுப் பாரத்தோடு போய்த் திரும்பியும் என் புடவை நனையவே இல்லை. அவளை அங்கே உட்கார வை.

உன் அம்மா